அறைக்குள் நுழைந்த முதல் கால் மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைக்குழந்தையோ இரண்டு மூன்று வயதுப் பிள்ளையோ கூட வந்தால் பிசினஸ் ஹோட்டல் பக்கமே போகாதீர்கள் என்று பயணக் கட்டுரைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். நாங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்களில் ஒருவர் ஹவுஸ்கீப்பிங், மற்றவர் ரிசப்ஷன். இந்த அறைகளைத் தயார் செய்து சாவி கொடுக்கிற வேலை எங்களுடையது. சிகிச்சைக்காகவும், ரயில் மாறுவதற்காகவும், அலுவல் பயணத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாததாலும் குடும்பங்கள் இங்கே வந்து தங்கத்தான் செய்கின்றன. நன்றாகவே தங்க முடியும். ஆனால் அந்த அறை யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. இரவு தாமதமாக வந்து படுத்து, விடிந்ததும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிற ஒற்றை ஆளுக்கான அறை அது. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சார்ஜர் வயர் எல்லாம் அவர் உட்கார்ந்தபடியே எடுக்கிற உயரத்தில் இருக்கும். நடக்கப் பழகிய பிள்ளைக்கும் அதே உயரம்தான் எட்டும்.

சிக்கல் முன்பதிவிலேயே தொடங்கிவிடுகிறது. ‘குழந்தைக்குக் கட்டணம் இல்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு, குழந்தைக்குப் படுக்கை உண்டு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இருக்கிற படுக்கையிலேயே பெற்றோருடன் படுத்துக்கொள்ளலாம், அதற்குத் தனியாகப் பணம் கேட்க மாட்டோம் என்பதுதான் அந்த வரியின் பொருள். ‘பேபி காட் கேட்டால் கிடைக்கும்’ என்பதும் உறுதிமொழி அல்ல. காட் என்பது நான்கு பக்கமும் தடுப்பு வைத்த குழந்தைக் கட்டில். பெரிய விடுதியிலும் காட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முன்பதிவுத் தளத்தில் ‘சிறப்புக் கோரிக்கை’ என்ற கட்டத்தில் நீங்கள் எழுதுவது வருகைப் பட்டியலின் ஓரத்தில் ஒரு குறிப்பாக வந்து நிற்கும். அநேகமாக நீங்கள் வருகிற நாள் காலையில்தான் அதை ஒருவர் வாசிப்பார். முந்திய நாளே வந்தவர்கள் காட்களை எடுத்துக்கொண்டிருந்தால், உங்கள் குறிப்பைப் படிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

ஆகவே தளத்தில் பதிவு செய்த கையோடு விடுதிக்கே நேரடியாகப் போன் செய்யுங்கள். அறை காலி செய்கிற கூட்டம் ஓய்ந்து, புதிதாக வருகிறவர்கள் இன்னும் வரத் தொடங்காத உச்சிப்பொழுதுதான் ரிசப்ஷனில் இருப்பவர் நிதானமாகப் பேசும் நேரம். ‘காட் இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். ‘இருக்கிறது’ என்ற பதில்தான் வரும், அது உண்மையும்கூட. ‘இந்தத் தேதிக்கு என் பெயரில் ஒரு காட் எழுதியாகிவிட்டதா, நாங்கள் வருவதற்கு முன்பே அறையில் போட்டு வைப்பீர்களா?’ என்று கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்திய நாள் மாலை இன்னொரு முறை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதைத் தொந்தரவாக யாரும் நினைப்பதில்லை. நள்ளிரவில் தூங்கி விழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கவுன்ட்டரில் நிற்கிற குடும்பத்துக்குப் பதில் சொல்வதைவிட எங்களுக்கு இது எவ்வளவோ மேல்.

அதே அழைப்பில் தரையளவையும் கேட்டுவிடுங்கள். மடக்கு காட் பெரும்பாலும் 120 செ.மீ. நீளம், 60 முதல் 70 செ.மீ. அகலம் இருக்கும். மிகச் சிறிய அறைகளில் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே அவ்வளவு இடமே இருக்காது. போட்டால் குளியலறைக் கதவையோ வெளிக்கதவையோ மறித்துக்கொண்டு நிற்கும். வெளிக்கதவை எந்தப் பொருளும் மறிக்கக் கூடாது. இடம் போதாது என்றால் ஒரே பெரிய கட்டில் உள்ள அறையா, இரண்டு ஒற்றைக் கட்டில் உள்ள அறையா என்று கேட்டு, எதில் தரை அதிகம் மிஞ்சுகிறதோ அதை எடுங்கள்.

அறை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். லிஃப்ட், ஐஸ் மெஷின், எங்கள் ஆட்கள் துணியும் தள்ளுவண்டியும் வைக்கிற சர்வீஸ் அறை, இவற்றின் பக்கத்து அறை வேண்டாம். விடிவதற்குள்ளேயே அங்கே சக்கரச் சத்தம் தொடங்கிவிடும். நடைபாதையின் கடைசி அறைக்கு ஒரு பக்கம்தான் அண்டை வீடு. இரண்டு அறைக்கு நடுவே உள்கதவு வைத்த அறைகள் உண்டு. இரண்டையும் நீங்களே எடுத்தால் அதைப் போல வசதி வேறில்லை. ஒன்றை மட்டும் எடுத்தால், கதவடி இடைவெளி வழியே உங்கள் குழந்தையின் அழுகை அந்தப் பக்கம் போகும், பக்கத்து அறைக்காரரின் டிவி சத்தம் இந்தப் பக்கம் வரும். தாழ்ந்த மாடியாகக் கேளுங்கள். தீ எச்சரிக்கை ஒலித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில்தான் இறங்க வேண்டும். பன்னிரண்டு மாடி இறங்குவதும் மூன்று மாடி இறங்குவதும் ஒன்றல்ல. குழந்தையையும் சேர்த்தே ஆள் எண்ணிக்கை கொடுங்கள். கணக்கில் வராத குழந்தையை, வெளியே வந்தவர்களை எண்ணும்போது தேட மாட்டார்கள்.

வேலை நாட்களில் இந்த விடுதிகள் நிரம்பியிருக்கும், வார இறுதியில் காலியாகிவிடும். தேதியைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் வார இறுதியில் வந்தால் காட், மூலை அறை, ஆளில்லாத பக்கத்து அறை எல்லாம் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும்.

இனி அறைக்குள். பெட்டியைத் திறப்பதற்கு முன், பிள்ளையைத் தரையில் இறக்குவதற்கு முன், ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இருவர் வந்திருந்தால் ஒருவர் பிள்ளையோடு நடைபாதையில் நிற்கட்டும். தனியாக வந்தவர்கள் பிள்ளையைத் தள்ளுவண்டியில் பெல்ட் போட்டு உட்கார வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். முதலில் நீங்களே மண்டியிட்டுத் தவழுங்கள். நின்றபடி பார்த்தால் அறை சுத்தமாகத்தான் தெரியும், ஏனென்றால் நாங்களும் நின்றபடி பார்த்துத்தான் டிக் அடிக்கிறோம். வாக்குவம் கிளீனரின் வாய் கட்டிலடி ஓரத்துக்கும், தலைப்பலகைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்துக்கும் போகாது. முந்தி தங்கியவர் தவறவிட்ட மாத்திரை, சில்லறைக் காசு, ஊக்கு, பேனா மூடி எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். போன் டார்ச்சை அடித்து அந்தச் சந்துகளைப் பாருங்கள். எதுவும் கிடைத்தால் ரிசப்ஷனைக் கூப்பிட்டு மறுபடி பெருக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்து ரிமோட். ஏசி, விளக்கு, திரை என்று இப்போது அறைக்கு இரண்டு மூன்று ரிமோட் வந்துவிட்டது. சின்ன ரிமோட்டுகளில் பெரும்பாலும் வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். பின்மூடி தளர்ந்திருந்தால், அதற்கு டேப் ஒட்டித் திருப்திப்படாமல் ரிமோட்டையே ரிசப்ஷனில் கொடுத்துவிடுங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டு மின்னோட்டம் ஓடி, அந்த இடத்தில் காரம் உருவாகித் திசுவை அரிக்கத் தொடங்கும். 2 மணி நேரத்துக்குள் ஆழமான புண் ஏற்பட்டுவிடலாம். குழந்தைக்கு வலி தெரியாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்த உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, எக்ஸ்ரே எடுக்கும்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று அறையிலேயே உட்காரவும் கூடாது. ரிமோட், டெலிபோன், சுவிட்ச், கதவுப்பிடி ஆகியவற்றைத் துடைக்கிற வேலையும் இப்போதே முடிந்துவிடட்டும். அதிகக் கைகள் படுவது அவற்றின் மேல்தான்.

கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். கெட்டிலைவிட அதன் வயர்தான் ஆபத்து. மேசை விளிம்பிலிருந்து தொங்குகிற வயரைப் பிள்ளை இழுத்தால் கெட்டிலில் உள்ள தண்ணீர் முழுவதும் முகத்திலும் மார்பிலும் கொட்டும். கொதித்து அடங்கிக் கால் மணி நேரம் ஆன தண்ணீரும் பிள்ளைத் தோலைப் புண்ணாக்கப் போதும். பயன்படுத்தும்போது பின்சுவரை ஒட்டி வைத்து, மிச்சத் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். மேசை முன்னால் இருக்கிற, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அது உருளும், சுழலும், ஏறி நின்றால் கவிழும். சாப்பாடு ஊட்ட அதில் உட்கார வைக்கவே கூடாது.

சலவைத் துணி போட வைத்திருக்கிற பிளாஸ்டிக் பை, காபி சர்க்கரைப் பொட்டலங்கள், குட்டி ஷாம்பு பாட்டில்கள், ஷூ பாலிஷ், தையல் ஊசிப் பெட்டி, எல்லாவற்றையும் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டி லாக்கரில் போட்டுப் பூட்டுங்கள். பணப்பெட்டிக்கு இதைவிட நல்ல உபயோகம் எங்களுக்குத் தெரியவில்லை. பிளக் பாயின்ட்டுக்கு வீட்டிலிருந்து மூடி கொண்டு வருவார்கள். நாட்டுக்கு நாடு பாயின்ட் அளவு வேறு, பலவகை பிளக் செருகக்கூடிய பொது பாயின்ட்டில் எந்த மூடியும் சரியாக உட்காராது. தளர்ந்த மூடி பிள்ளைக்கு இன்னொரு விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். பாயின்ட்டுக்கு முன் பெட்டியை நிறுத்தி வைப்பதுதான் எளிது.

ஜன்னலைத் திறந்து பாருங்கள். 10 செ.மீ.க்கு மேல் திறக்கக் கூடாது. திறந்தால் அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஜன்னலடியில் சோஃபாவோ பெட்டி வைக்கிற பலகையோ இருந்தால் நகர்த்துங்கள், பிள்ளைக்கு அது படிக்கட்டு. திரைக் கயிறு வளையமாகத் தொங்கினால் எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டுங்கள். காட்டை அதன் அருகில் போடவே கூடாது, கழுத்தில் மாட்டினால் சத்தமே வராது.

கதவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடுதிக் கதவுகள் தீ பரவாமல் தடுக்கிற கனமான கதவுகள், தாமாகவே சாத்திக்கொள்ளும். சாத்துகிற வேகத்தில் கீல் பக்கத்துச் சந்தில் பிஞ்சு விரல் சிக்கினால் நசுங்கிவிடும். பூட்டுப் பக்கத்தைவிடக் கீல் பக்கம் மோசம். இரண்டாவது விஷயம், உள்ளே இருந்து கைப்பிடியை ஒருமுறை அழுத்தினாலே பூட்டு, உள்தாழ் எல்லாம் ஒருசேர விடுபடும்படிதான் பெரும்பாலும் செய்திருக்கிறார்கள். தீயின்போது ஆள் வெளியேற அது அவசியம். ஆனால் கைப்பிடியில் தொங்கத் தெரிந்த இரண்டு வயதுப் பிள்ளையும் அப்படியே வெளியேறிவிடும், பின்னால் கதவு பூட்டிக்கொள்ளும். நீங்கள் குளித்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே கைப்பிடியோடு சேராமல் மேலே தனியாக உள்ள மடக்குத் தாழ்ப்பாளைப் பகலிலும் போட்டே வையுங்கள். குளியலறை உள்பூட்டு வெளியிலிருந்து எப்படித் திறக்கும் என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கும், நாணயத்தை வைத்துத் திருகினால் திறக்கும். பிள்ளை உள்ளே பூட்டிக்கொண்டு அழும்போது அதைத் தேடக் கூடாது. குளியலறைக் கதவின் மேல்விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டால் கதவு முழுக்கச் சாத்தாது, பூட்டவும் முடியாது.

இவ்வளவையும் செய்யக் கால் மணி நேரம் போதும். இனி தூக்கம்.

காட் வந்ததும் தலையசைத்து வாங்கிக்கொள்ளாதீர்கள், கொண்டுவந்தவர் நிற்கும்போதே சோதியுங்கள். மடக்கு காட்டை விரிப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. நடு அடிப்பாகம் உயர்ந்து நிற்கும்போதே நான்கு பக்க மேற்கம்பிகளையும் ஒவ்வொன்றாக மேலே இழுத்து ‘டக்’கென்று பூட்ட வேண்டும், கடைசியாகத்தான் நடுவை அழுத்தித் தட்டையாக்க வேண்டும். வரிசை மாறினால் கம்பி பூட்டாமலே பூட்டியது போலத் தெரியும். பிள்ளை எழுந்து நின்று சாயும்போது அந்தப் பக்கம் ‘வி’ வடிவில் மடங்கிக் கழுத்தை நெருக்கும். ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் கையை வைத்து உடல் எடையைப் போட்டு அழுத்திப் பாருங்கள். மரக் காட் என்றால் இரு கம்பிகளின் இடைவெளியில் ஒரு குளிர்பான கேன் நுழையக் கூடாது, அதாவது ஏறத்தாழ 6 செ.மீ. ஒரு பக்கம் இறக்கி ஏற்றுகிற பழைய மாதிரியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் 2011 முதல் அந்த வகையை விற்கவே தடை. பழைய காட் விடுதிக் கிடங்குகளில் தங்கிவிடும், அதனால்தான் சொல்கிறோம்.

மெத்தை விஷயத்தில் தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. காட்டின் அடிமெத்தை மெல்லிசாக, கெட்டியாக இருப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, எங்கள் ஆட்கள் மேலே ஒரு ரஜாயை, அதாவது பஞ்சு வைத்த கனத்த போர்வையை, மடித்துப் போட்டு, தலையணையும் வைத்து, அழகாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த மென்மைதான் எமன். முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ளத் தெரியாது, கூடுதல் மெத்தைக்கும் காட்டின் பக்கவாட்டு வலைக்கும் நடுவே சந்து விழுந்தால் அதில் சறுக்கிச் சிக்கிக்கொள்ளும். அந்தக் காட்டோடு வந்த மெத்தை மட்டும், அதன் மேல் இறுக்கமாக ஒரு விரிப்பு மட்டும். மெத்தைக்கும் பக்கச் சுவருக்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. பெரிய கட்டில் விரிப்பை நான்காக மடித்துச் செருகியிருந்தால் அது இரவில் கழன்று சுருளும். அதனால் வீட்டு காட் விரிப்பு ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பழகிய வாசனைக்குப் பிள்ளையும் சீக்கிரம் தூங்கும். படுக்க வைப்பது மல்லாந்துதான்.

காட் கிடைக்காமலே போனால்? ஒரு வயதுக்குள் என்றால் சோஃபாவில் படுக்க வைப்பதும், குழந்தையை அணைத்தபடி சோஃபாவில் நீங்கள் கண்ணயர்வதும் எல்லாவற்றிலும் மோசமானவை. கார் சீட்டிலேயே இரவு முழுக்கத் தூங்கவிடுவதும் கூடாது, தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழல் மடங்கும். கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டால் விழாது என்று நினைப்பார்கள். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே விழுந்து சிக்குவது கீழே விழுவதைவிட ஆபத்து. பக்கத்து விடுதியிலிருந்து காட் கடன் வாங்கித் தரும்படி ரிசப்ஷனில் வற்புறுத்துங்கள். விடுதிகள் தங்களுக்குள் அப்படிக் கொடுத்து வாங்குவது உண்டு, கேட்டால்தான் நடக்கும். அடிக்கடி பயணம் போகிறவர்கள் சொந்தமாக ஒரு மடக்கு காட் வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு வயது தாண்டிய பிள்ளை பெரிய கட்டிலில் படுக்கலாம். இரண்டு குளியல் துண்டை இறுகச் சுருட்டி, கட்டில் விரிப்புக்கு அடியில் விளிம்போரமாகச் செருகினால் நல்ல வரப்பு அமைந்துவிடும். தரையில் உபரித் தலையணைகளைப் பரப்பிவிடுங்கள்.

நிர்வாகங்களிடம் எங்கள் வேண்டுகோள் இந்த இடத்தில்தான். அறையை எப்படி எண்ணி விற்கிறீர்களோ அப்படியே காட்டையும் எண்ணுங்கள். கணினியில் அறைக்குத் தேதிவாரியாக இருப்பு இருக்கிறது, காட்டுக்கு ஏன் இல்லை? இருப்பு தீர்ந்துவிட்டால் முன்பதிவுத் தளமே ‘இந்தத் தேதிக்குக் காட் இல்லை’ என்று காட்டட்டும். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு எண், அளவான இரண்டு விரிப்பு, எப்படி விரிப்பது என்ற படம், கடைசியாகச் சோதித்த தேதி எழுதிய அட்டை. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தலையணை வைக்காதே என்பதையும் அந்த அட்டையிலேயே எழுதிவிட்டால் எங்கள் ஆட்களுக்கும் குழப்பம் இருக்காது.

தூக்கத்தைக் கெடுக்கிற சில்லறை விஷயங்கள் சில. படுக்கையோர அலாரக் கடிகாரத்தை முந்தி தங்கியவர் ஐந்து மணிக்கு வைத்துவிட்டுப் போயிருப்பார், பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். டெலிபோன் மணியின் ஒலியைக் குறையுங்கள். ‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டையைப் பகல் தூக்கத்தின்போதும் மாட்டுங்கள். இருட்டுத் திரை நடுவில் சேராமல் வெளிச்சக் கீற்று விழுந்தால், அலமாரியில் இருக்கிற கிளிப் வைத்த ஹேங்கரால் இரண்டு திரையையும் கவ்விவிடலாம். ஒரே சீராக இரைகிற ஒலியைப் போனில் வைத்தால் நடைபாதைச் சத்தம் மறையும். ஆனால் போனைத் தலைமாட்டில் வைக்காமல் 2 மீட்டர் தள்ளி வைத்து, பெரியவர் பக்கத்தில் நின்று பேசும் குரலை மூழ்கடிக்காத அளவில் வையுங்கள். குழந்தைக்கு 50 டெசிபல் என்பதே மேல்வரம்பு. ஏசிக் காற்று நேராகப் படுகிற இடத்தில் காட் வேண்டாம். குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும், பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். சில அறைகளில் ஆள் அசைவு இல்லாவிட்டால் ஏசி தானாக நின்றுவிடும். எல்லோரும் தூங்கும்போது ஆளில்லை என்று அது முடிவு கட்டிவிடும். இரவில் அறை திடீர் திடீரென்று புழுங்கினால் காரணம் இதுதான். ரிசப்ஷனில் சொன்னால் அந்த அமைப்பை அணைத்துத் தர முடியும்.

பால் விஷயத்துக்கு வருவோம், புகார் அதிகம் வருவது இதில்தான். மினிபார் என்று அறையில் இருப்பது பெரும்பாலும் ஃபிரிட்ஜே அல்ல. சத்தம் வரக் கூடாது என்பதற்காக கம்ப்ரசர் இல்லாத வகையைப் போட்டிருப்பார்கள். அதில் பாட்டில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், ஆனால் பல பெட்டிகள் 8, 10 டிகிரிக்குக் கீழே இறங்காது. தாய்ப்பாலை 4 நாள் வைக்க 4 டிகிரி வேண்டும், கலந்த புட்டிப்பாலை வைக்க 5 டிகிரிக்குள் வேண்டும். சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இன்னொரு வினை கீ கார்டு. சுவரிலுள்ள உறையிலிருந்து கார்டை எடுத்ததும் அறையின் மின்சாரம் நிற்கும், சில விடுதிகளில் மினிபாரும் சேர்ந்து நிற்கும். பகல் முழுக்க வெளியே போய்வந்தால் பாலும், குளிரில் வைக்க வேண்டிய மருந்தும் வெதுவெதுப்பாக இருக்கும். மினிபாருக்குத் தனி இணைப்பா என்று கேளுங்கள், இல்லையென்றால் இரண்டாவது கார்டு வாங்கி உறையிலேயே விட்டுப் போங்கள். மினிபாரை உங்கள் சாமானுக்காகக் காலி செய்ய நினைத்தால் நீங்களே எடுக்க வேண்டாம். சில பெட்டிகளில் பொருளைத் தூக்கிய சில விநாடியில் அது பில்லில் ஏறிவிடும். எங்களைக் கூப்பிட்டால் மது பாட்டில்களோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

உறைய வைக்கிற ஜெல் பொட்டலத்தைச் சமையலறைக்குக் கொடுத்தனுப்பும்போது ‘ஃபிரிட்ஜில் வையுங்கள்’ என்று சொல்லாதீர்கள். அப்படியே குளிர்பெட்டியில் வைத்துவிடுவார்கள், காலையில் அது உறைந்திருக்காது. ‘ஃப்ரீசரில், காலை இத்தனை மணிக்கு வேண்டும்’ என்று அறை எண், பெயரோடு எழுதி ஒட்டிக் கொடுங்கள். உறைந்த பொட்டலங்களோடு காப்புப் பையில் தாய்ப்பால் 24 மணி நேரம் தாங்கும், வெளியே 25 டிகிரிவரை உள்ள அறையில் 4 மணி நேரம்தான். உறைந்த பாலை உருக்கினால் ஃபிரிட்ஜில் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது.

பால் பவுடர் கலப்பவர்கள் கெட்டிலை நம்பித்தான் ஆக வேண்டும். முதல் தடவை நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டுக் கொட்டிவிடுங்கள், இரண்டாவது தடவைதான் பாலுக்கு. கெட்டிலில் சிலர் நூடுல்ஸ் வேகவைத்துவிட்டுப் போவார்கள், மணத்திலேயே தெரியும். கொதித்த தண்ணீர் அரை மணி நேரத்துக்கு மேல் ஆறக் கூடாது. பவுடர் கிருமியற்றது அல்ல, அதில் கிருமி இருந்தால் சாக 70 டிகிரியாவது வேண்டும் என்பதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் இந்த அளவைச் சொல்கிறது. கலந்தபின் மூடிய புட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். 2 மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த பாலைச் சூடாக்க, கோப்பையில் வெந்நீர் ஊற்றிப் புட்டியை நிறுத்தினால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம், வெளியே வெதுவெதுப்பாக இருக்கும் புட்டிக்குள் நடுப்பால் கொதித்துக் கிடக்கும். புட்டிகளை வாஷ்பேசினுக்குள் போட்டுக் கழுவாதீர்கள், ஐஸ் வாளியிலும் ஊற வைக்காதீர்கள். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டு வந்தால் கழுவவும், காய வைக்கவும், கிருமிநீக்கி மாத்திரை போட்டு ஊற வைக்கவும் அதுவே போதும்.

குளியலில் முதல் எதிரி வெந்நீர்க் குழாய். வெந்நீர்த் தொட்டியில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளராமலிருக்க விடுதிகள் தண்ணீரை 60 டிகிரியில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சூட்டில் 5 விநாடி பட்டாலே பெரியவர் தோலும் ஆழமாக வேகும், பிள்ளைத் தோலுக்கு அதைவிடக் குறைவான நேரம். சில ஷவர்களில் 38 என்று எழுதிய திருகு இருக்கும், அதிலுள்ள பொத்தானை அழுத்தாமல் அதற்கு மேல் திரும்பாது. அது இல்லாத இடத்தில் எப்போதும் குளிர்நீரை முதலில் திறந்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் மறுபடி குளிர்நீரை ஓடவிட்டு மூடுங்கள். அப்போதுதான் குழாயின் உலோகமும் ஆறியிருக்கும். முழங்கையால் சூடு பாருங்கள், 37, 38 டிகிரி போதும். தொட்டி இல்லாத அறைகளில் ஒரு வாளியோ அகன்ற பேசினோ கேட்டால் தருவோம். வாஷ்பேசினில் உட்கார வைத்துக் குளிப்பாட்டாதீர்கள், குழாய் மூக்கு தலையில் இடிக்கும், பேசின் எடை தாங்காமல் சுவரிலிருந்து பெயரவும் கூடும். தண்ணீர் சில சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட்டுப் போன் எடுக்கப் போகக் கூடாது. கண்ணாடித் தடுப்புக்குள் தரை வழுக்கும், ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

டயப்பரைக் குளியலறைக் குப்பைத் தொட்டியில் போட்டால் மூடியில்லாததால் இரவெல்லாம் நாறும். முடிச்சுப் போட்ட பையில் கட்டி, கூப்பிட்டால் எடுத்துப் போகிறோம். ஈரத் துடைப்பான் எந்த வகையானாலும் கழிப்பறையில் போட வேண்டாம், கரையாது, அடைக்கும்.

காலைச் சிற்றுண்டிக்குக் கதவு திறந்ததும் வந்துவிடுங்கள். அலுவலகத்துக்குப் போகிறவர்கள் கூட்டமாக இறங்குகிற நேரத்தில் சூடான காபிக் கோப்பைகள் பிள்ளையின் தலைக்கு மேலேயே போய் வரும். உயர நாற்காலியின் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று உட்கார வைப்பதற்கு முன் இழுத்துப் பாருங்கள்.

இரவு படுக்கும் முன், உங்கள் கதவுக்கும் அவசரப் படிக்கட்டுக்கும் இடையே எத்தனை கதவு என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், புகையில் கை தடவித்தான் போக முடியும். தள்ளுவண்டி படிக்கட்டில் உதவாது. பிள்ளையை மார்போடு கட்டுகிற பை, செருப்பு, கீ கார்டு மூன்றும் கதவருகே இருக்கட்டும்.

அறையைக் காலி செய்கிற அன்று சமையலறை ஃப்ரீசரிலுள்ள பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள், லாக்கரைத் திறந்து பாருங்கள், காட் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மை வெள்ளை நிறமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் ஆட்கள் விரிப்பை உதறிப் பார்ப்பதில்லை, நான்கு முனையையும் சேர்த்து அள்ளிச் சலவை வண்டியில் போட்டுவிடுவார்கள். பொம்மை உள்ளே இருப்பது சலவைக்கூடத்தில் இயந்திரத்திலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் தெரியும். ஆகவே பொம்மையைக் காணோம் என்று தெரிந்தால் உடனே போன் செய்யுங்கள். விடுதியின் பெயர் சொல்லி ரிசப்ஷனைக் கேட்காமல் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். அன்றைய மூட்டை எந்த வண்டியில், எத்தனை மணிக்குப் போனது என்ற குறிப்பு அவரிடம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
விடுதிப் பணியில் உள்ள வாசகர்கள் இருவர்